எட்டு நாள் முதலாளி

அத்தியாயம் 17

நடுச்சுவரை இடித்த நாளிலிருந்து ப்லோட்கின் வீட்டில் அப்பாவும் பிள்ளையும் முகம் பார்த்துப் பேசுவதில்லை. பிரவுன்ஸ்வில்லில், சட்டர் அவென்யூவில் வெள்ளரி ஊறுகாய் வாங்க வரும் கிழவிகளுக்குக்கூட இது தெரியும்.

அப்பா ஹெர்ஷ் ப்லோட்கினின் டெலி என்ற பதக்கறிக் கடைக்கு இருபது வயது. மிளகும் கொத்தமல்லியும் அப்பி, புகையில் பதமாக்கிய மாட்டிறைச்சியை அவர் அரிந்தால் துண்டு கிழியாது, உதிராது. பக்கத்துக் கடை ரொட்டிக்கடை. அதன் முதலாளி செத்துப்போனதும் மூத்த மகன் லேசர் அதைத் தன் பெயரில் வாங்கிவிட்டான். தையல் தொழிற்சாலை வேலையை உதறினான். சுவரை உடைத்து இரண்டு கடைக்கும் நடுவே வாசல் வைத்தான்.

"கறி நம்மளோடது. அதை வைக்கிற ரொட்டி மட்டும் ஏன் அடுத்தவனோடது?" என்பது அவன் கேள்வி.

"கறி வெட்டறவனுக்கு மாவு எதுக்கு?" என்பது அவர் பதில். அதோடு பேச்சு நின்றது.

அதற்குப் பிறகு இரண்டு பேருக்கும் நடுவில் இருந்தது கிட்டலின் வாய்தான். இளையவள், ராத்திரிப் பள்ளியில் கணக்கு படிக்கிறவள், பூட்டிய கதவைத் திரும்பிவந்து இழுத்துப் பார்க்கிறவள். அப்பா சொன்னதை அண்ணனிடம், அண்ணன் சொன்னதை அப்பாவிடம் கொண்டுபோவாள். போகிற வழியில் முள்ளை மட்டும் பிடுங்கிப் போட்டுவிடுவாள். அது நல்ல காரியம் என்றுதான் இன்று காலைவரை நினைத்திருந்தாள்.

இன்று யூதர்களின் பெசாக் பண்டிகைக்கு முந்தின நாள்.

தெருவோரம் தகர டப்பாக்களில் வீட்டுக்கு வீடு கடைசி ரொட்டித் துணுக்குகள் எரிந்துகொண்டிருந்தன. டெலியில் கண்ணாடிப் பெட்டி காலி. கறி அரியும் மெஷினுக்கு வெள்ளைத் துணி போர்த்தியாகிவிட்டது. கிட்டல் அலமாரிக்கு ஈரத்துணி போட்டுக்கொண்டிருந்தபோது கதவு திறந்து மணி அடித்தது.

"யாரு என் கடையில? என்னைக் கேக்காம யாரு என் அலமாரியைத் தொடைக்கிறது?"

எதிரே சலூன் என்ற மதுக்கடை வைத்திருக்கும் இத்தாலியர் ஜெனாரோ. வருஷா வருஷம் இதே நாளில் இதே வசனம். பண்டிகையின் எட்டு நாளைக்கும் புளிப்பு, அதாவது புளிக்கிற தானியப் பண்டம் எதுவும் யூதனுக்குச் சொந்தமாக இருக்கக்கூடாது. அதனால் தெருவிலுள்ள கடைக்காரர்கள் தங்கள் மாவையும் பீரையும் யூத குருவான ராபியிடம் ஒப்படைக்க, ராபி அதை ஜெனாரோவுக்கு விற்றுவிடுவார். பண்டிகை முடிந்ததும் திரும்ப வாங்கிக்கொள்வார்கள். அந்த எட்டு நாளும் ஜெனாரோ தெருவின் பெரும் பணக்காரர்.

"வாங்க மொதலாளி," என்றாள் கிட்டல். "சம்பளம் ஏத்திக் குடுங்க."

"உனக்கா? உன்னை வேலைய விட்டே தூக்கிட்டேன். சிரோ, பாரு, இந்தப் பொண்ணு மொதலாளியையே எதுத்துப் பேசுது."

அவருக்குப் பின்னால் நின்றவன் சிரிக்கவில்லை. ஒல்லியான ஆள், கையில் தொப்பி. "என் மச்சான்," என்றார் ஜெனாரோ. "நேப்பிள்ஸ்ல ரொட்டி சுட்டவன். இங்க வந்து கரி அள்ளினான். இப்ப அதுவும் இல்ல."

ஜெனாரோ சட்டைப்பையிலிருந்து சாவியை எடுத்து அவள் மூக்குக்கு முன்னால் ஆட்டினார். "ராபி குடுத்துட்டாரு. எல்லாம் முடிஞ்சுதுன்னு சொல்லிட்டுப் பண்டிகை முழுக்குக்காகக் குளியல் வீட்டுக்குக் கிளம்பிட்டாரு."

கிட்டல் சாவியைப் பார்த்தாள். ஒன்று.

"இன்னொண்ணு?"

"எந்த இன்னொண்ணு?"

"பக்கத்துக் கடை சாவி. அண்ணன் கடை."

"எனக்கு இதைத்தாம்மா குடுத்தாரு. ப்லோட்கின் டெலின்னாரு. ரொட்டிக்கடை பத்திப் பேச்சே எடுக்கலையே."

அவள் கையிலிருந்த ஈரத்துணி சொட்டிக்கொண்டிருந்தது. ராபி மறந்திருப்பாரோ? இல்லை, ராபி மறக்கிற ஆளில்லை. அப்படியானால்? மனசு ஞாயிற்றுக்கிழமைக்கு ஓடியது.

அன்றைக்கு அப்பா ராபியைப் பார்த்துவிட்டு வந்து கோட்டைக் கழற்றும்போதே சொன்னார்: "என் கடையை விக்க ஒப்படைச்சதுக்கு அடையாளமா ராபியோட கைக்குட்டையைப் பிடிச்சுட்டு வந்துட்டேன். உங்கண்ணன் கடைக்கு அவனே போய் வாயைத் தொறக்கட்டும். அந்த மாவுக்கும் எனக்கும் ஒட்டும் இல்ல, உறவும் இல்ல. போய்ச் சொல்லு."

கிட்டல் வாசலைத் தாண்டிப் போனாள். லேசர் அடுப்புக்குள் தலையை விட்டுச் சாம்பலைச் சுரண்டிக்கொண்டிருந்தான். ஏதோ பாட்டை முனகிக்கொண்டிருந்தான். அந்தப் பாட்டைக் கெடுக்க அவளுக்கு மனசு வரவில்லை.

"அப்பா ராபியைப் பாத்துட்டு வந்துட்டாரு அண்ணா."

அவ்வளவுதான் சொன்னாள். "நல்லது," என்றான் அவன், தலையை வெளியே எடுக்காமலே.

சுவரில் கடிகாரம் பதினொன்றை நெருங்கிக்கொண்டிருந்தது. வேதச் சட்டப்படி பதினொன்றரை தாண்டிவிட்டால் விற்கவும் முடியாது, கொடுக்கவும் முடியாது. பண்டிகை முழுவதும் லேசரின் புளிப்பு லேசருடையதாகவே கிடக்கும். அப்படிக் கிடந்த மாவைப் பண்டிகைக்குப் பிறகும் ஒரு யூதனும் தொடமாட்டான். பழைய முதலாளி காலத்திலிருந்து கல்ஜாடியில் வளர்ந்துவரும், ரொட்டியைப் புளிக்க வைக்கும் தாய்மாவு போச்சு. அடுக்கி வைத்த மூட்டைகள் போச்சு. விஷயம் தெரிந்தால் கடையின் பேரும் போச்சு.

பின்கட்டில் ஹெர்ஷ் பண்டிகைப் பாத்திரங்களைப் பெட்டியிலிருந்து எடுத்துக்கொண்டிருந்தார்.

"அப்பா, ரொட்டிக்கடையை ராபிகிட்ட நீங்க சொல்லலையா?"

"என்னோடது எதுவோ அதைச் சொன்னேன். அவனுக்குத்தான் சொல்லியனுப்பினேனே."

"நான் சொல்லலப்பா."

அவர் கையிலிருந்த தட்டை மெதுவாகக் கீழே வைத்தார்.

"நீங்க சொன்ன மாதிரி சொல்லல. நீங்க போயிட்டு வந்துட்டீங்கன்னு மட்டும் சொன்னேன். சண்டை வேணாம்னு..."

"எத்தனை நாளா இப்படிச் சொல்ற?"

ஹெர்ஷ் துணியில் கையைத் துடைத்தார். முதலில் உள்ளங்கை, பிறகு ஒவ்வொரு விரலாக. அவர் கோபமாகக் கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"அப்பா, குளியல் வீடு ரெண்டு தெருதான். நீங்க போய், ரொட்டிக்கடையும் நம்மளோடதுதான், கூட்டு வியாபாரம்னு ஒரு வார்த்தை சொன்னா ராபி ஏதாவது வழி பண்ணுவாரு. உங்க பேச்சை ஊரே நம்பும்."

"நம்பும். அதனாலதான் முடியாது." குரல் கரகரத்தது. "அதுல ஒரு பிடி மாவுகூட என்னோடது இல்லன்னு ராபி முன்னால நானே சொன்னேன். மூணு நாள்ல மாத்திச் சொல்லவா? பண்டிகையும் அதுவுமா என்னைப் பொய் சொல்லச் சொல்றியாம்மா?"

அவளுக்கு வேறு வழி தோன்றவில்லை. நடுவாசலைத் தாண்டினாள்.

லேசர் சுண்ணாம்பு அடித்த சுவரைத் தள்ளி நின்று ரசித்துக்கொண்டிருந்தான். "கிட்டல், வா வா. பண்டிகை முடியற சாயங்காலம் இங்கிருந்து அந்தத் திருப்பம் வரைக்கும் வரிசை நிக்கும் பாரு. எட்டு நாள் காய்ஞ்ச வாயிங்க. முதல் ரை ரொட்டி சூடா நம்ம கடைதான். அப்பாவே வந்து கேப்பாரு, பாத்துக்கிட்டே இரு."

"அண்ணா, உன் கடை விக்கல."

"என்ன விக்கல?"

அவள் சொன்னாள். இந்த முறை எதையும் பிடுங்கிப் போடவில்லை. ஒட்டும் இல்ல, உறவும் இல்ல என்பதுவரை அப்படியே சொன்னாள். சொல்லும்போது அவன் முகத்தைப் பார்க்க முடியாமல் சுண்ணாம்புச் சுவரைப் பார்த்தாள்.

லேசர் மாவு மூட்டை மேல் உட்கார்ந்தான்.

"ஹனுக்கா பண்டிகைக்கு என் ரொட்டியைத் தின்னுட்டு நல்லா இருக்குன்னு அப்பா சொன்னதா வந்து சொன்னியே?"

கிட்டல் சுவரில் ஒட்டியிருந்த சுண்ணாம்பைச் சுரண்டினாள்.

"கேக்கறேன்ல?"

"பரவாயில்லன்னு சொன்னாரு."

"பரவாயில்லைன்னாரா?"

"தலையை ஆட்டினாரு."

அவன் சிரித்தான். காதால் கேட்கச் சகிக்காத சிரிப்பு. "அஞ்சு மாசமா யார்கூடப் பேசிட்டு இருந்தேன் நான்? உன்கூடவா?"

"திட்டறதுன்னா அப்புறம் திட்டுண்ணா. நேரம் போகுது. ஜெனாரோ அங்கதான் நிக்கறாரு. நேரா அவருக்கே வித்துடு."

அவன் எழுந்த வேகத்தில் மூட்டை சரிந்தது.

ஆனால் டெலியில் நின்றிருந்த ஜெனாரோ இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டார். "மாட்டேன் தம்பி. ராபி முன்னால ஒரு விஷயத்துக்குக் கை குடுத்திருக்கேன். அவர் சொல்லாத இன்னொண்ணுல கை வச்சு, தெருவோட மொத்த விற்பனையும் கெட்டுப்போச்சுன்னா? பன்னெண்டு குடும்பம் என்னை நம்பிப் பண்டிகைச் சாப்பாடு சாப்பிடுது. உங்க சட்டம் எனக்குப் பாதிதான் தெரியும். பாதி தெரிஞ்சவன் பயந்துதான் நடக்கணும்."

"ஜெனாரோ, கெஞ்சிக் கேக்கறேன்."

"அழுதாலும் மாட்டேன். என் தலையில கட்டாதே."

"நான் வாங்கறேன்," என்றான் சிரோ.

எல்லோரும் திரும்பினார்கள். அவன் எப்போது அந்தப் பக்கம் போனானோ, நடுவாசலில் நின்று அடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தான். கண்ணை எடுக்காமலே கேட்டான்: "விக்கறதுதானே? நிஜமா விக்கறதுதானே?"

"நிஜமாத்தான்," என்றான் லேசர். "உள்ள இருக்கற புளிப்பு..."

"அடுப்பு?"

லேசர் கடிகாரத்தைப் பார்த்தான். ராபி என்றால் நிதானமாகச் சொல்லியிருப்பார்: புளிப்பு மட்டும் விற்பனை, இடம் வாடகைக்கு, அடுப்பைத் தொடக்கூடாது. ராபியின் வாயில் வருஷா வருஷம் பழகிய வார்த்தைகள் அவை. லேசருக்கு அவை தெரியாது. பெரிய முள் அடியை நோக்கி இறங்கிக்கொண்டிருந்தது மட்டும் தெரிந்தது.

"எல்லாம். உள்ள இருக்கறது எல்லாம். அடுப்போட."

கிட்டல் முன்னால் வந்தாள். "எட்டு நாளைக்கு மட்டும்தான். அப்புறம் நாங்க..."

"கிட்டல்!"

பின்கட்டு வாசலில் ஹெர்ஷ் நின்றிருந்தார். மகனுக்கும் அவருக்கும் இடையே நான்கு அடிகூட இல்லை. "உங்கண்ணன்கிட்ட சொல்லு. திருப்பித் தரணும்னு ஒரு வார்த்தை சேத்தாலும் அது விற்பனை ஆகாது. நாடகம் ஆயிடும். விக்கறதா இருந்தா வாயை மூடிட்டு விக்கச் சொல்லு."

லேசர் அப்பாவைப் பார்க்கவில்லை. "அப்பாகிட்ட சொல்லு. கேட்டுச்சு."

சிரோ கால்சட்டைப் பையைத் துழாவி ஒரு நாணயத்தை எடுத்துக் கொடுத்தான். லேசர் சாவியை அவன் உள்ளங்கையில் வைத்தான். கையைக் குலுக்கினார்கள். ஜெனாரோ கண்ணடித்தார், சிரோ அதைக் கவனிக்கவே இல்லை. அவன் சாவியை மூடிப் பிடித்துக்கொண்டு, தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டு, ரொட்டிக்கடைக்குள் போனான். நடுவாசல் கதவை உள்ளிருந்து சாத்தினான். தாழ்ப்பாள் போடும் சத்தம் கேட்டது.

"நல்ல பையன்," என்றார் ஜெனாரோ யாரிடம் என்றில்லாமல். "ஆனா ஒரு விஷயம். விளையாட்டு தெரியாது."

மத்தியானம் மாடி வீட்டில் மூன்று பேரும் உருளைக்கிழங்கு தின்றார்கள். அன்றைக்கு ரொட்டியும் ஆகாது, புளிப்பில்லா ரொட்டியும் இன்னும் ஆகாது, உருளைக்கிழங்குதான். யாரும் யாரிடமும் எதையும் சொல்லச் சொல்லவில்லை. தப்பித்துவிட்டோம் என்று கிட்டல் தனக்குள் சொல்லிப் பார்த்தாள். சரியாகத்தானே முடிந்தது? நேரத்துக்குள்தானே? இரண்டாவது தடவை சொன்னபோது அது அவ்வளவு சரியாகப் படவில்லை.

லேசர்தான் முதலில் மூக்கை உயர்த்தினான்.

"என்ன வாசனை அது?"

புகை. விறகுப் புகை. கிட்டல் ஜன்னலைத் திறந்தாள். கீழே ரொட்டிக்கடைப் புகைபோக்கி கறுப்பாக ஊதிக்கொண்டிருந்தது. வாசலில் நாலைந்து பெண்கள், எல்லோரும் அடுத்த தெரு இத்தாலியர்கள், கையில் முட்டைக் கூடை. அவர்களுக்கும் இது பண்டிகை வாரம். ஈஸ்டர் ரொட்டிக்கு ஆள் தேடி அலைந்துகொண்டிருந்தவர்களுக்கு சிரோ கிடைத்துவிட்டான்.

"அடுப்பைப் பத்த வச்சுட்டான்," என்றான் லேசர்.

"அவன் அடுப்பு," என்றார் ஹெர்ஷ் தட்டைப் பார்த்தபடி. அதை அவர் கிட்டலைப் பார்த்தும் சொல்லவில்லை.

"மாவு போனா போகட்டும். மாவு வாங்கிக்கலாம். அடுப்பு..."

அவன் முடிக்கவில்லை. சலூன் பக்கமிருந்து ஒரு பெண் தெருவைக் கடந்து வந்தாள். சிரோவின் மனைவி அசுந்தா. இடுப்பில் ஒரு குழந்தை, மற்ற கையில் பெரிய தகர டின். மூடி இல்லை. உள்ளே வெள்ளை வெளேரென்று உறைந்த பன்றிக்கொழுப்பு, மேலிருந்தே தெரிந்தது.

யூதனுக்கு ஆகவே ஆகாத அது ஒரு தடவை அந்த அடுப்புச் செங்கல்லில் உருகி வழிந்தால் போதும். பிறகு அந்த அடுப்பில் சுட்ட ரொட்டியை பிரவுன்ஸ்வில்லில் யார் வாங்குவார்கள்? அப்பாவின் கறியை எந்த ரொட்டியில் வைப்பார்கள்? ப்லோட்கின் என்ற பேர் இப்போது இரண்டு வாசலுக்கும் மேலே ஒரே பலகையில் இருக்கிறது.

லேசர் கதவை நோக்கிப் பாய்ந்தான். ஹெர்ஷ் குறுக்கே கையை நீட்டினார்.

"போய் என்ன சொல்லுவ? என் அடுப்பை விடுன்னா? அப்படிச் சொன்ன நிமிஷமே விக்கலன்னு ஆயிடும். மொத்தமும் உன் தலையில திரும்ப வந்து விழும்."

லேசர் நின்றான். அப்பா தன்னிடம்தான் பேசினார் என்பது அவனுக்கு உறைத்ததா என்று கிட்டலுக்குத் தெரியவில்லை. அவன் நெற்றியைக் கதவில் வைத்துக்கொண்டு நின்றான்.

ஹெர்ஷ் எழுந்து சமையல் அலமாரிக்குப் போனார். குளிர்காலத்தில் அவரே வாத்தை உரித்து, வெங்காயம் போட்டு உருக்கி, பண்டிகைக்கென்று துணி கட்டி வைத்த கொழுப்புச் சட்டி. எட்டு நாளைக்கும் வீட்டுச் சமையலுக்கு அது ஒன்றுதான். அதைத் தூக்கிக்கொண்டு வந்து கிட்டலின் கையில் வைத்தார். கனத்தது.

"இதை அந்தப் பொண்ணுகிட்ட குடு. பண்டிகைக்கு அண்டை வீட்டுக்காரங்க குடுத்தாங்கன்னு குடு."

"என்ன சொல்லிக் குடுக்கணும்?"

"ஒண்ணும் சொல்லாதே. உன் பங்குக்கு எதுவும் சேக்காதே, எடுக்காதே. குடுத்துட்டு வா."

கிட்டல் படியிறங்கினாள். எதைச் சொன்னால் கெடும், எதைச் சொல்லாவிட்டால் கெடும் என்று படிக்குப் படி யோசித்ததில் கால் இடறியது. தெருவில் பெண்கள் அவளுக்கு வழிவிட்டார்கள். ரொட்டிக்கடை வாசலில் அசுந்தா டின்னை இறக்கி வைத்துக் குழந்தையை இடம் மாற்றிக்கொண்டிருந்தாள். உள்ளே சிரோ, முழங்கைவரை மாவு, காலையில் பார்த்த ஆளே இல்லை. பத்து வயது குறைந்தவன்போல் இருந்தான். அடுப்பு வாயில் செந்தணல்.

"உங்க பண்டிகைக்கு," என்றாள் கிட்டல். சட்டியை நீட்டினாள். "வாத்துக் கொழுப்பு. அப்பா குடுக்கச் சொன்னாரு."

அசுந்தா துணியை விலக்கி முகர்ந்தாள். கண் நிறைந்துவிட்டது.

"சிரோ! இங்க பாரு, என்ன குடுத்திருக்காங்கன்னு பாரு! ஒரு வருஷமா நம்மகிட்ட யாராவது ஏதாவது குடுத்தாங்களா?" அவள் கிட்டலின் கன்னத்தைத் தொட்டாள். "உள்ள வாம்மா. ஏன் வெளியில நிக்கற? இது உன் கடை மாதிரி நெனச்சுக்கோ."

கிட்டல் வாசற்படியைத் தாண்டவில்லை. தாண்டலாமா கூடாதா என்று அவளுக்குத் தெரியவில்லை.

"இன்னிக்கு மாவெல்லாம் இதுலயே பிசைஞ்சுடறேன்," என்றாள் அசுந்தா. "நல்ல பண்டம், ஆறப்போடக் கூடாது."

அப்படியானால் பன்றிக்கொழுப்பு அடுப்பைத் தொடாது. கிட்டல் நிம்மதியாக மூச்சுவிட்டாள்.

"அப்ப இது நாளைக்கு ஆகும்," என்று சொல்லிவிட்டு அசுந்தா குனிந்து மூடியில்லாத டின்னைத் தூக்கினாள். உள்ளே கொண்டுபோய், சூட்டில் இளகட்டும் என்று, அடுப்பின் மேல் விளிம்பில் வைத்தாள்.